தம்பியைக் கொன்றவனுக்கு எத்தனை வருஷம்?

கேள்வி: மேடம், என் தம்பிக்கு வயது 26. டைல்ஸ் ஒட்டும் வேலை. போன மாதம் வேலை முடிந்து பைக்கில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவனை, திருப்பத்தில் பஸ்ஸை ஓவர்டேக் செய்த ஒரு கார் எதிரே வந்து அடித்துவிட்டது. கார் நிற்கவே இல்லை. டோல்கேட் கேமராவை வைத்து மறுநாள் மதியம்தான் ஆளைப் பிடித்தார்கள். ஒரு ரிசப்ஷனில் குடித்துவிட்டுக் கிளம்பியவன் என்று அங்கே இருந்தவர்களே சொல்கிறார்கள். பிடித்த அன்று சாயங்காலமே ஸ்டேஷன் பெயிலில் வீட்டுக்குப் போய்விட்டான். இப்போது அவனுடைய மாமா, 5 லட்சம் தருகிறோம், கேஸைப் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று ஆள் அனுப்புகிறார். இடித்துவிட்டு ஓடினால் பத்து வருஷம் என்று வாட்ஸ்அப்பில் படித்தேன். கொலைக் கேஸ் ஏன் போடவில்லை? இவனுக்கு என்ன தண்டனை கிடைத்தால் நியாயம்? அப்பா இல்லை. அம்மாவுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.
– பெயர் வேண்டாம், திண்டிவனம் அருகே.

பதில்:

சகோதரி, நீங்கள் கடைசியாகச் சொன்ன 5 லட்சத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். மற்றதெல்லாம் பொறுக்கும், இது பொறுக்காது. வாங்காதீர்கள். எந்தப் பேப்பரிலும் கையெழுத்துப் போடாதீர்கள், அம்மாவையும் போட விடாதீர்கள்.

அஜாக்கிரதையால் மரணம் விளைவித்த வழக்கு, இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. அரசாங்கம் நடத்தும் வழக்கு அது, நீங்கள் வாபஸ் வாங்க முடியாது. அப்படியானால் அந்த மாமா எதற்குக் காசு கொடுக்கிறார்? நேரில் பார்த்த சாட்சி கோர்ட்டில் ‘சரியாகப் பார்க்கவில்லை’ என்று சொல்லும்போது, எதிர்த்துக் கேட்க உங்கள் வீட்டிலிருந்து யாரும் வராமல் இருப்பதற்கு. அப்புறம், தண்டனை என்று வந்தால் ‘குடும்பத்துக்கு நஷ்டஈடு கொடுத்துவிட்டோம், கருணை காட்டுங்கள்’ என்று நீதிபதியிடம் காட்டுவதற்கு. இந்த இரண்டாவது உத்தி பல இடங்களில் பலித்திருக்கிறது. பஞ்சாபில் 2007-ல் ஒரு கார் மோதி இரண்டு பேர் இறந்த வழக்கில், கீழ்க்கோர்ட் கொடுத்த ஒரு வருஷத் தண்டனையை உயர் நீதிமன்றம், ஓட்டியவர் 85,000 ரூபாய் கொடுத்துவிட்டார் என்பதையும் ஒரு காரணமாக வைத்து, அதுவரை உள்ளே இருந்த 24 நாட்களோடு முடித்துவிட்டது. 2015-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு அதை ஆறு மாதமாக்கியது. உயிருக்குக் காசு கொடுத்துத் தண்டனையைக் கழித்துக்கொள்ளும் வழக்கம் கூடாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். ஆனால் எல்லா வழக்கும் டெல்லி வரை போவதில்லை.

காசு என்றே பார்த்தாலும் 5 லட்சம் எவ்வளவு குறைவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தம்பி மாதம் 18,000 ரூபாய் சம்பாதித்தான் என்று வைத்துக்கொள்வோம். சொந்தமாக வேலை பார்த்தவன், 40 வயதுக்குக் கீழே இருந்தவன் என்பதால், எதிர்கால வருமானத்துக்காக அதில் 40 சதவீதம் கூட்ட வேண்டும் என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. 25,200 ஆகிறது. கல்யாணம் ஆகாதவன் என்றால், அவனுடைய சொந்தச் செலவுக்கென்று பாதியைக் கழிப்பார்கள். மீதி 12,600. வருஷத்துக்கு 1,51,200. இதை வயதுக்கு ஏற்ப வைத்திருக்கும் ஒரு எண்ணால் பெருக்குவார்கள், 26 வயதுக்கான அந்தப் பெருக்கு எண் 17. ஆக 25,70,400 ரூபாய். ஈமச் செலவு, அம்மாவின் இழப்பு என்று தனித் தலைப்புகளில் வருவதும் வட்டியும் இதற்கு மேலே. வருமானத்தை எப்படி நிரூபிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இது ஏறலாம், இறங்கலாம். வேலை கொடுத்த கான்ட்ராக்டரின் கணக்கு நோட்டு, ஜிபேயில் வந்த கூலி, பேங்க் பாஸ்புக் எல்லாவற்றையும் இப்போதே எடுத்து வையுங்கள்.

இந்தத் தொகை காரின் இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து வர வேண்டியது. அதற்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் தனியாக மனுப் போட வேண்டும், விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள். நீங்கள் குடியிருக்கும் ஊருக்கான தீர்ப்பாயத்திலேயே போடலாம். அங்கே ‘சந்தேகத்துக்கு இடமின்றி’ நிரூபிக்க வேண்டியதில்லை, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்ப்பார்கள். அதனால் கிரிமினல் கேஸில் அவன் விடுதலையானாலும் இது தானாக விழுந்துவிடாது. அவன் குடித்திருந்தான் என்று இன்சூரன்ஸ் கம்பெனி தப்பிக்கப் பார்த்தால், பொதுவாகத் தீர்ப்பாயம், முதலில் குடும்பத்துக்குக் கொடு, பிறகு வண்டிக்காரனிடம் வசூல் செய்துகொள் என்றுதான் உத்தரவிடும். இடித்துவிட்டு ஓடிய வண்டி என்றால் அரசு 2 லட்சம் கொடுக்கும் என்று யாராவது சொன்னால், அது கடைசி வரை வண்டி அடையாளம் தெரியாமல் போனவர்களுக்கான திட்டம். உங்களுக்குப் பொருந்தாது. ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன், எங்கள் தொழிலைப் பற்றியதுதான்: மார்ச்சுவரி வாசலிலேயே வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் ஆட்கள் உண்டு. வருகிற தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படிப் பங்கு பேசுவது வக்கீலுக்குத் தடை செய்யப்பட்ட காரியம்.

சரி, தண்டனைக்கு வருவோம்.

அவன் மீது போட்டிருப்பது, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 106(1) ஆகத்தான் இருக்கும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் (ஐ.பி.சி.) 304ஏ-யின் வாரிசு. அந்த 304ஏ சட்டத்தில் சேர்க்கப்பட்டது 1870-ல். மோட்டார் காரே பிறக்காத காலம். மாட்டு வண்டியையும் குதிரை வண்டியையும் மனதில் வைத்து, அதிகபட்சம் இரண்டு வருஷம், அல்லது வெறும் அபராதம் என்று எழுதிய பிரிவு, 2024 ஜூன் 30 வரை, 154 வருஷம், நம் நெடுஞ்சாலைகளையும் ஆண்டுகொண்டிருந்தது. 2022-ல் மட்டும் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 17,884 பேர் தமிழ்நாட்டில். புதிய சட்டம் அதிகபட்சத்தை ஐந்து வருஷமாக்கியிருக்கிறது. அபராதத்தோடு மட்டும் விட முடியாது, சிறையும் விதிக்க வேண்டும் என்கிறது. ஆனால் குறைந்தபட்சம் இவ்வளவு என்று சொல்லவில்லை. கோர்ட் கலையும் வரை கூண்டோரம் உட்கார்ந்திருப்பதும் சட்டப்படி சிறைத் தண்டனைதான். ஜாமீனில் விடத்தக்க குற்றம் என்பதும் அப்படியே தொடர்கிறது. ஸ்டேஷன் பெயிலில் அவன் அன்றைக்கே வீட்டுக்குப் போனது இன்ஸ்பெக்டர் காட்டிய சலுகை இல்லை. பிரிவே அப்படி.

வாட்ஸ்அப்பில் வந்த பத்து வருஷம் பாதி உண்மை. 106(2) என்ற உட்பிரிவு, இடித்துவிட்டு போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ சொல்லாமல் ஓடியவனுக்குப் பத்து வருஷம் வரை என்கிறது. 2024 ஜனவரியில் லாரி டிரைவர்கள் அதை எதிர்த்து ஸ்டிரைக் செய்து, வட மாநிலங்களில் பெட்ரோல் பங்க்குகளில் வரிசை நின்றது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். சட்டம் 2024 ஜூலை 1 அன்று அமலுக்கு வந்தபோது இந்த ஒரு உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். புத்தகத்தில் இருக்கிறது, அமலில் இல்லை. நின்றால் ஜனங்கள் அடித்தே கொன்றுவிடுவார்கள் என்று டிரைவர்கள் சொன்னதை நான் அலட்சியமாகத் தள்ள மாட்டேன், அது நடக்கிற நாடுதான் இது. ஆனால் சட்டம் அந்த இடத்திலேயே நில் என்று கேட்கவில்லை. அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லியிருந்தாலே போதும். நிறுத்தி வைத்ததன் பலனை உங்கள் கேஸிலேயே பாருங்கள். அன்று ராத்திரி நின்றிருந்தால் அவன் மூச்சை மெஷினில் ஊதச் சொல்லியிருப்பார்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் என்று வந்திருந்தால் கேஸின் போக்கே வேறு. ஓடிப்போய், தூங்கி எழுந்து, மறுநாள் மதியம் பிடிபட்டதால் அவன் ரத்தம் சுத்தம். நிற்பவனைவிட ஓடுகிறவனுக்கு லாபம் என்ற நிலைமையை ஒரு சட்டம் வைத்திருக்கலாமா? கூடாது என்பது என் திடமான கருத்து. வேறு எதையும் திருத்தாவிட்டாலும் இதை முதலில் திருத்த வேண்டும்.

கொலைக் கேஸ் ஏன் இல்லை என்று கேட்டீர்கள். கொலை என்றால் கொல்லும் நோக்கம் வேண்டும், அல்லது அதற்கு நிகரான அறிவு வேண்டும். உங்கள் தம்பி யாரென்றே அவனுக்குத் தெரியாது. கோர்ட்டில் ஒரு நாள்கூட நிற்காது. கொலைக்கும் அஜாக்கிரதைக்கும் நடுவே ஒரு படி இருக்கிறது, நாம் போராட வேண்டியது அதற்குத்தான். கொலையாகாத மரணம் விளைவித்தல் என்று பெயர், பிரிவு 105. தான் செய்வது ஆளைக் கொல்லக்கூடியது என்று தெரிந்தே செய்தான் என்று காட்டினால் பத்து வருஷம் வரை. ஜாமீனும் ஸ்டேஷனில் கிடைக்காது. மும்பை பாந்த்ராவில் கார்ட்டர் ரோட்டில் 2006 நவம்பரில், குடித்துவிட்டு வேகமாக வந்த ஒரு இளைஞனின் கார் நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த கூலித் தொழிலாளிகள் மேல் ஏறி ஏழு பேர் இறந்தார்கள். செஷன்ஸ் கோர்ட் ஆறு மாதம் கொடுத்தது. உயர் நீதிமன்றம் இந்த நடுப்படிக்குக் கொண்டுபோய் மூன்று வருஷமாக்கியது. 2012-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தபோது, மூன்று வருஷம் மிகவும் குறைவு, ஆனால் கூட்டிக் கேட்டு அரசு மேல்முறையீடு செய்யவில்லை, அதனால் நாங்கள் தொடவில்லை என்று எழுதியது. அந்த வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அதே வருஷம் ஆகஸ்டில், 1999 டெல்லி பி.எம்.டபிள்யூ வழக்கு. ஆறு பேர் சாவு. குற்றம் நடுப்படிதான் என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே இருந்த இரண்டு வருஷச் சிறை போதும், 50 லட்சம் கட்டு, இரண்டு வருஷம் சமூகச் சேவை செய் என்று உச்ச நீதிமன்றம் முடித்தது. சட்டத்தில் பத்து வருஷம் என்று அச்சடித்திருப்பது ஒன்று, கிடைப்பது ஒன்று.

எது நியாயம் என்று என்னையே கேட்டதால் சொல்கிறேன். செத்தவர்களின் எண்ணிக்கையை வைத்து மட்டும் அளக்கக் கூடாது, ஸ்டியரிங்கைப் பிடித்தவன் என்ன தெரிந்து என்ன செய்தான் என்று அளக்க வேண்டும். முதலாளி ‘காலையில் கோயம்பேட்டில் லோடு இறங்கணும்’ என்று விரட்ட, இரண்டாவது ராத்திரியும் தூங்காமல் லோடு வேன் ஓட்டி, ஒரு நிமிஷம் கண் அசந்து இடித்தவனும் 106(1)-ல்தான் நிற்கிறான். குடித்துவிட்டு, எதிரே என்ன வருகிறது என்று தெரியாத திருப்பத்தில் பஸ்ஸைத் தாண்டி, இடித்ததும் ஆக்சிலேட்டரை மிதித்தவனும் அதே 106(1)-ல் நிற்கிறான். இரண்டு பேர் வீட்டுக் கூடத்திலும் கிடந்தது பிணம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் ஆளை நான்கு வருஷம் உள்ளே போடுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. அவனைவிட அவன் முதலாளியைக் கூண்டில் ஏற்ற வேண்டும். டிரைவருக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்ற சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. அதை மீறி ஓட்டவைத்த முதலாளி ஒரு மரண வழக்கில் குற்றவாளியாக நின்று நான் பார்த்ததில்லை. இரண்டாவது ஆள் விஷயம் வேறு. அவன் ஒவ்வொரு கட்டத்திலும் தேர்ந்தெடுத்திருக்கிறான்: குடித்த பிறகு சாவியை எடுத்தது, திருப்பத்தில் வலது பக்கம் ஏறியது, நிற்காமல் போனது. பிரிட்டனில் கவனக்குறைவுக்கும் அபாயகரமான ஓட்டுதலுக்கும் தனித்தனிக் குற்றங்கள். முன்னதில் மரணம் நேர்ந்தால் அதிகபட்சம் ஐந்து வருஷம், பின்னதில் 2022-லிருந்து ஆயுள் வரை போகலாம், குறைந்தது ஐந்து வருஷம் வண்டி ஓட்டவும் தடை. நம் சட்டத்தில் இரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிட்டு, நீதிபதி பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டார்கள்.

உங்கள் தம்பி வழக்கில் என் கணக்கு இது: மூன்று நான்கு வருஷம் நிஜமாகவே உள்ளே இருக்க வேண்டும். ஓடியதற்குத் தனியாக, அது முடிந்த பிறகு ஆரம்பிக்கும் இன்னொரு தண்டனை வேண்டும். பத்து வருஷமாவது லைசென்ஸ் கூடாது. கடைசியாகச் சொன்னதை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை, நான் அதை முக்கியமாக நினைக்கிறேன். நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் இருக்கிறது, கேட்க வேண்டும். தூக்கில் போட வேண்டும், ஆயுளுக்கும் வெளியே விடக் கூடாது என்று உங்கள் வீட்டில் சொல்பவர்கள் இருப்பார்கள். அந்தக் கோபத்தில் தப்பில்லை. ஆனால் தண்டனை பெரிதாகப் பெரிதாக, சின்னச் சந்தேகத்துக்கும் நீதிபதி விடுதலை எழுதுவார். நிச்சயமாகக் கிடைக்கும் மூன்று வருஷத்துக்குப் பயப்படுகிற அளவுக்கு, கிடைக்குமா கிடைக்காதா என்கிற பத்து வருஷத்துக்கு எந்த டிரைவரும் பயப்பட மாட்டான்.

அந்த மூன்று வருஷத்தை நிச்சயமாக்கும் வேலை இந்த இரண்டு மாதத்தில்தான் இருக்கிறது. எஃப்.ஐ.ஆரை எடுத்துப் படியுங்கள். ‘காரை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதி’ என்று இருக்கும். தமிழ்நாட்டில் எல்லா விபத்து எஃப்.ஐ.ஆரிலும் இதே வரிதான். சாட்சியின் வாக்குமூலத்திலும் இதையே எழுதிவிடுவார்கள். மூன்று வருஷம் கழித்துக் கோர்ட்டில், சாட்சியாக வந்த டீக்கடைக்காரரிடம் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார்: “எத்தனை கிலோமீட்டர் வேகம்? ஸ்பீடோமீட்டரைப் பார்த்தீர்களா? வேகம் அளக்க உங்களுக்குப் பயிற்சி உண்டா?” அவர் முழிப்பார். வெறும் ‘ஹை ஸ்பீடு’ என்று சொன்னால் போதாது, அதனாலேயே அஜாக்கிரதை ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1998-ல் ஒரு கர்நாடக லாரி வழக்கில் சொன்னதை எடுத்துக் காட்டுவார். கேஸ் முடிந்தது. வேகத்தைப் பற்றிப் பேச வேண்டாம். திருப்பம் எங்கே, ரோட்டின் நடுவே இருந்தது முழுக்கோடா விட்டு விட்டுப் போட்ட கோடா, பஸ் எந்தப் பக்கம் இருந்தது, தம்பியின் பைக் ரோட்டின் இடது ஓரத்தில் எத்தனை அடிக்குள் கிடந்தது, கார் பிரேக் அடித்த தடம் இருந்ததா இல்லையா என்பதெல்லாம் வாக்குமூலத்திலும், போலீஸ் வரையும் சம்பவ இடத்தின் ரஃப் ஸ்கெட்ச்சிலும் வர வேண்டும். அந்தப் பஸ் டிரைவரும் கண்டக்டரும் சாட்சிப் பட்டியலில் இருக்கிறார்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்க மாட்டார்கள்.

குடித்திருந்ததை ரத்தத்தில் காட்ட முடியாது என்றால் வேறு வழியில் காட்டப் பார்க்க வேண்டும். ரிசப்ஷன் வீடியோ, மண்டபத்து சி.சி.டி.வி., டாஸ்மாக்கிலோ பாரிலோ அவன் ஜிபேயில் கட்டிய காசு, அவன் கூட உட்கார்ந்திருந்தவர்கள். மோதிய நேரத்தில் போன் பேசினானா என்பதற்கு அழைப்புப் பதிவுகள். கேமராப் பதிவுகள் சில வாரங்களில் தானாக அழிந்துவிடும், ஒரு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. நாளைக்கே இன்ஸ்பெக்டருக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். எஸ்.பி. அலுவலகத்துக்கும் ஒரு நகல். இவற்றில் பாதி கிடைத்தால்கூடப் பிரிவை 105-க்கு மாற்றக் கேட்கலாம். கிடைத்தே தீரும் என்று உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன், ரத்தப் பரிசோதனை இல்லாமல் அது கஷ்டமான ஏற்றம். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளைக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியது போலீசின் கடமை, அதையும் மனுவில் குறிப்பிடுங்கள்.

கோர்ட்டில் வழக்கை நடத்துவது அரசுத் தரப்பின் உதவி வழக்கறிஞரான ஏ.பி.பி. அவர் மேஜையில் கட்டுக் கட்டாகக் கேஸ் இருக்கும். அவருக்கு உதவியாக நீங்கள் ஒரு வக்கீலை வைத்துக்கொள்ள சட்டம் இடம் கொடுக்கிறது. வைத்துக்கொள்ளுங்கள். அவன் விடுதலையானாலோ, சிறிய குற்றத்துக்கு மட்டும் தண்டிக்கப்பட்டாலோ நீங்களே மேல்முறையீடு செய்யலாம். தண்டனை போதாது என்பதற்கு மட்டும் நீங்கள் மேல்முறையீடு செய்ய முடியாது, அரசுதான் செய்ய வேண்டும். கார்ட்டர் ரோடு தீர்ப்பின் அந்த வரியை மனதில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். தீர்ப்பு வந்த வாரமே மேல்முறையீடு கேட்டு கலெக்டருக்கும் அரசு வக்கீலுக்கும் மனுக் கொடுக்க ஆள் தயாராக இருக்க வேண்டும்.

அம்மாவை இதில் எவ்வளவு இழுக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். கிரிமினல் கோர்ட்டுக்கு அவர் வரத் தேவையே இல்லை. அவர் எதையும் நேரில் பார்க்கவில்லை, அவனை வாய்தாவுக்கு வாய்தா பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். இழப்பீட்டு மனுவில் மட்டும் அவர்தான் முதல் மனுதாரர். பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்து, குறுக்கு விசாரணைக்கு ஒரு நாள் கூண்டில் ஏற வேண்டியிருக்கும். இன்சூரன்ஸ் வக்கீல் ‘உங்கள் மகன் ஹெல்மெட் போட்டிருந்தானா, லைசென்ஸ் இருந்ததா, உங்களுக்கு மாசம் எவ்வளவு கொடுப்பான்’ என்று கேட்பார். மகனைக் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை, தொகையைக் குறைக்கக் கேட்கிறார் என்று முன்கூட்டியே அம்மாவிடம் சொல்லி வையுங்கள். தம்பியின் லைசென்ஸ் ஒரிஜினல், பைக்கின் ஆர்.சி., இன்சூரன்ஸ், போஸ்ட்மார்ட்டம் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மோட்டார் வாகன ஆய்வாளரின் (எம்.வி.ஐ.) ரிப்போர்ட் நகல் இவ்வளவும் ஒரு ஃபைலில் இருக்கட்டும். வாரிசுச் சான்றிதழுக்கு தாலுகா ஆபீஸில் நாளாகும், அதற்கு இந்த வாரமே எழுதிப் போடுங்கள்.